மணி காட்டாத வாட்ச்

செருப்புக் கடைக்காரர் எதிரே வருகிறவரின் காலைத்தான் முதலில் பார்ப்பார், தையல்காரர் தோளைப் பார்ப்பார், பிள்ளை பெற்றவர்களின் மணிக்கட்டைப் பார்ப்பது என் தொழில்.

பாளையங்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஒரு நாள் கம்பெனிக்காரர்கள் வந்து எங்கள் டாக்டரம்மாவிடம் ஒரு கருவியைக் காட்டினார்கள். சாம்பல் நிற ரப்பர் பட்டை, நடுவில் சின்னதாக ஒரு வில்லை, வில்லையின் அடியில் மினுக்குகிற பச்சை விளக்கு. பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் ஆறு வாரம் இதைக் கட்டிக்கொண்டால் போதும். நாடித்துடிப்பு, உடம்புச் சூடு, தூக்கம், நடை எல்லாவற்றையும் பட்டை போனுக்குச் சொல்லும். போன் சென்னையில் உள்ள கண்காணிப்பு அறைக்குச் சொல்லும். ஏதாவது சரியில்லை என்றால் அந்த அறை எனக்குச் சொல்லும். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போன பிறகுதான் தனக்குப் பயமே ஆரம்பிக்கிறது என்று சொல்கிறவர் டாக்டரம்மா. அதனால் உடனே சம்மதித்துவிட்டார். ஓடுவதற்கு என்னைப் பிடித்துப் போட்டார்.

எங்கள் பக்கத்து ஆட்கள் அதைப் பட்டை என்று சொல்வதில்லை, வாட்ச் என்றுதான் சொல்வார்கள். அது மணி காட்டாது என்று நான் விளக்காத வீடு கிடையாது. இவ்வளவும் சொல்கிற சாமான் மணி மட்டும் சொல்லாதா என்று என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தவர்கள் உண்டு. காஸ் சிலிண்டர் கொண்டு போகிறவர்கள், மின்சார மீட்டர் பார்க்கிறவர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போன ஆசிரியர்கள் எல்லோரும் என் இனத்தார். வாசலில் நின்று குரல் கொடுத்து, நாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து பழகிய உங்களுக்கு என் பாடு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

கண்ணுக்கு வைத்த மை

திருநெல்வேலி டவுனில் ஒரு வீடு. மகள் உமாவுக்கு முதல் பிரசவம், தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பட்டையைக் கட்டிய அன்று நான் சொன்னதை எல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். மறுநாளே கருவியிலிருந்து தகவல் வருவது நின்றுபோயிற்று. சார்ஜ் இருக்கிறது, போன் பக்கத்தில் இருக்கிறது, பட்டை கையில்தான் இருக்கிறது என்று உமா போனில் சத்தியம் செய்தாள். கம்பெனியில் கேட்டால் கருவி பழுதாகியிருக்கும், மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். மாற்றிக் கொடுத்தேன். புதியதும் மறுநாள் ஊமையாகிவிட்டது.

நேரில் போய்ப் பட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு இருக்கும் இடத்தில் கன்னங்கரேல் என்று ஒரு மைப்பொட்டு. பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி பட்டையை உற்று உற்றுப் பார்த்துவிட்டுப் போனாளாம். அது திருஷ்டி ஆகிவிடக் கூடாது என்று அம்மா பொட்டு வைத்திருக்கிறார். மேலே வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று யோசித்து அடியில் வைத்திருக்கிறார். புதுக் கருவிக்கும் மறக்காமல் வைத்திருக்கிறார். விளக்கின் வெளிச்சம் தோலுக்குள் போய் வந்தால்தான் கருவிக்கு எதுவும் தெரியும், அந்த விளக்குதான் அதற்குக் கண் என்று நான் விளக்கினேன். அவர் பட்டையை வாங்கி முந்தானையால் துடைத்துக்கொண்டே, "கண்ணு படக் கூடாதுன்னுதான் பொட்டு வச்சேன். அதுக்கே ஒரு கண்ணு உண்டுன்னு நீங்க மொதல்லயே சொல்லீருக்கணும்லா" என்றார்.

பேட்டையில் ஓயாத உழைப்பு

பேட்டையில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்திருந்தது. கனமான சாமானைத் தூக்கக் கூடாது, நன்றாகப் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். ஆனால் சென்னையிலிருந்து வந்த தகவல் வேறு கதை சொன்னது. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை நின்றுகொண்டே இருக்கிறாள். கை ஓயாமல் ஆடுகிறது. நாடி ஏறிக் கிடக்கிறது. மத்தியானம் கொஞ்ச நேரம் மட்டும் ஓய்வு. கண்காணிப்பு அறையில் இருக்கிற அரவிந்த் என்ற பையன் நல்ல மனசுக்காரன். அந்தப் பெண்ணை வீட்டில் யாரோ கொடுமைப்படுத்துகிறார்கள், உடனே போங்கள் என்று என்னைக் கெஞ்சினான்.

மாமியாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை ஸ்கூட்டரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் நுழைந்தால் இசக்கியம்மாள் தலையணையில் சாய்ந்திருக்கிறாள். மாமியார் பூண்டுக் குழம்பில் சோறு பிசைந்து அவளுக்கு உருட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இசக்கியம்மாளின் கையில் பட்டை இல்லை. எங்கே என்று கேட்டதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் மாமியார் தெருக்கோடியில் இருந்த பட்டறைக்கு வழி சொன்னார். அங்கே அவள் வீட்டுக்காரர் சுடலைமுத்து லேத்தில் இரும்புக் கம்பி கடைந்துகொண்டிருந்தார். அவர் கையில், கிரீஸ் அப்பிய எங்கள் பட்டை. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "பச்சப்பிள்ளை பக்கத்துல கரண்டு சாமான் வேண்டாம்னு அம்மா சொல்லுதா. உங்களுக்கும் தகவல் நிக்கக் கூடாதுல்லா. நானும் அவளும் ஒரே வீட்டுச் சோறுதான சிஸ்டர் திங்கோம், எனக்கு என்ன இருக்கோ அதுதான் அவளுக்கும் இருக்கும்."

சாயங்காலத் துடிப்பு

இதற்கு நேர்மாறான வீட்டுக்காரர்களும் உண்டு. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் கிளார்க்காக இருக்கும் ராஜசேகர் தன் மனைவி சுபாவின் கையிலிருந்து வரும் தகவலை ஒரு வழக்குக் கட்டு மாதிரி படிப்பார். காலையில் எழுந்ததும் பார்ப்பார், பஸ்ஸில் பார்ப்பார், கோர்ட்டில் யாராவது சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதும் பார்ப்பார் என்று நினைக்கிறேன். நேற்றைக்கு இன்றைக்கு நாடி இரண்டு கூடியிருக்கிறதே, மூன்று குறைந்திருக்கிறதே என்று எனக்குப் போன் வரும். கூடுவதும் குறைவதும் உயிரோடு இருப்பதன் அடையாளம் என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஒரு நாள் அவர் பெரிய கண்டுபிடிப்போடு வந்தார். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் சுபாவின் நாடி சட்டென்று ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறவில்லை. இது ஏதோ உள்நோய் என்று அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் சந்தேகம் வந்து, நேரில் பார்த்துவிட்டு வா என்றார். அந்த நேரத்துக்குப் போய் சுபாவோடு பேசிக்கொண்டிருந்தேன். நிம்மதியாகச் சிரித்துப் பேசினாள். வாசலில் பைக் சத்தம் கேட்டது. ராஜசேகர் செருப்பைக் கூடக் கழற்றாமல் போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்து, இன்றைக்கு ஏன் தூக்கம் குறைச்சல், மத்தியானம் ஏன் நடக்கவில்லை என்று விசாரணையைத் தொடங்கினார். எனக்கு நோய் பிடிபட்டது. அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுபா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இவிய அந்தப் போனைப் பாக்கறதுக்கு ஒரு வாரம் லீவு குடுங்க சிஸ்டர், எனக்குத் தானா சரியாயிரும்."

சிவப்பு லே, பச்சை லே

அரவிந்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவன் சென்னையில் பிறந்து வளர்ந்தவன், நம் ஊரைக் கண்ணால் கண்டதில்லை. அவன் அறையில் உள்ள லிஸ்டில் ஆபத்து என்றால் சிவப்பு, நலம் என்றால் பச்சை. வண்ணார்பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் மகளுக்குப் பிரசவமாகியிருந்தது. பதிவு செய்யும்போது அண்ணாச்சி தன் நம்பரைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் ஒரு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று கருவி சொல்ல, அரவிந்த் அக்கறையாக அந்த நம்பருக்கே அடித்திருக்கிறான். கடையில் கூட்டம். உங்கள் மகள் நேற்று ராத்திரி ஏன் தூங்கவில்லை, எதற்காகப் பல தடவை எழுந்து நடந்தார் என்று முன்பின் தெரியாத ஓர் ஆம்பளைக் குரல் கேட்டால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? அண்ணாச்சி அவனை 'ஏலே, எங்கன இருந்துலே பாக்க' என்று ஆரம்பித்துத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி பேசிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்தியிருக்கிறார்.

நான் போய்ச் சமாதானம் செய்தேன். பையன் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை, கருவி சொல்வதைப் பார்க்கிறான், ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று பார்க்கிறான் என்று சொன்னேன். அண்ணாச்சி சாத்திய ஜன்னல்களைத் திறந்துவிட்டார். மறுநாளிலிருந்து கடை திறந்ததும் அவரே அரவிந்துக்குப் போன் போட ஆரம்பித்தார். மகள் தூங்கினாளா என்று கேட்பார், பிறகு அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்பார். அவன் டீ மட்டும்தான் குடித்தேன் என்றால் கோபித்துக்கொள்வார். ஒரு நாள் அரவிந்த் என்னிடம் குழப்பமாகக் கேட்டான்: "மேடம், ஃபர்ஸ்ட் நாள் அவர் என்னை 'லே'ன்னப்போ அது திட்டுன்னு புரிஞ்சுது. இன்னைக்கும் 'லே'ங்கறார், ஆனா நாலு இட்லியாவது சாப்பிடுங்கறார். இந்த 'லே' நம்ம லிஸ்ட்ல சிவப்பா, பச்சையா?"

தூக்கத்துக்குப் பரிசு

எல்லாமே சிரிக்கிற கதை இல்லை. கம்பெனிக்காரர்கள் நல்ல எண்ணத்தில்தான் ஒரு காரியம் செய்தார்கள். வாரம் முழுவதும் நன்றாகத் தூங்கிய தாய்க்கு போனில் ஒரு தங்க நட்சத்திரம் வரும், நானும் ஒரு பழக்கூடையோடு போய் வாழ்த்த வேண்டும். பாளையங்கோட்டையில் ஷீபா என்ற பெண்ணுக்கு அந்த நட்சத்திரம் வந்தது. பிள்ளை பெற்றவர்களில் அப்படித் தூங்கியவளை நான் பார்த்ததே இல்லை என்பதால் எனக்கு ஆச்சரியம். கூடையை வாங்கிக்கொண்டு போனேன். அவள் மாமியார் சந்தோஷமாக வரவேற்று, மருமகள் ரொம்பச் சாது, படுத்தால் படுத்தபடி கிடப்பாள், ஒரு தொந்தரவும் இல்லை என்று சொன்னார்.

அறைக்குள் ஷீபா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் சிணுங்கியது. அவள் திரும்பவில்லை. தலையணை ஈரமாக இருந்தது. நான் கூடையை வெளியே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளையை எடுத்து என் மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேசினாள். அன்றைக்கே டாக்டரம்மா அவளைப் பார்த்தார், மனநல டாக்டரிடமும் அழைத்துப் போனோம். அவள் தாயும் வந்து கூட இருந்தாள். தேறி வரச் சில மாதங்கள் ஆயின. இப்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் கை காட்டுகிறாள். அசையாமல் கிடந்தால் அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்கிற கணக்கைக் கம்பெனிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டார்கள். நான்தான் அவள் அன்று சொன்னதை அப்படியே அவர்களுக்கு எழுதி அனுப்பியிருந்தேன்: "நான் தூங்கல சிஸ்டர். அழுதா யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அசையாம கெடந்தேன். அதுக்குமா பரிசு குடுக்கிய?"

நாடி இல்லை, நடக்கிறாள்

களக்காட்டுக்கு மேற்கே மலையை ஒட்டி வாழைத்தோட்டத்துக்குள் ஒரு வீடு. மலர் என்ற பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் அப்பா கோயில்பிச்சை வாழை போடுகிறவர். அந்தத் தோட்டத்தில் போன் டவர் கிடைக்காது. தினமும் ஒரு தடவை மலரின் போனை மட்டும் டவர் கிடைக்கிற இடத்துக்குக் கொண்டு போனால் போதும், சேர்ந்திருக்கிற தகவல் தானாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் தலையாட்டினார்.

ஒரு மத்தியானம் அரவிந்த் குரலே மாறிப்போய் என்னைக் கூப்பிட்டான். மலருக்கு நாடித்துடிப்பு இல்லை என்று கருவி காட்டுகிறதாம். உடம்பு சில்லிட்டிருக்கிறதாம். ஆனால் ஆள் நடந்துகொண்டே இருக்கிறாளாம், அதுவும் வெகு வேகமாக. போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. டாக்டரம்மா ஆஸ்பத்திரி வண்டியைக் கொடுத்து என்னை ஏற்றிவிட்டார். நாங்குநேரி தாண்டுகிற வரைக்கும் நான் ஜெபம் செய்துகொண்டே இருந்தேன்.

களக்காட்டைத் தாண்டி ஒரு பாலத்துக் கட்டையில், தகவல் எல்லாம் போய் முடியட்டும் என்று கோயில்பிச்சை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொபெட். கட்டையின் மேல் துண்டை விரித்து, அதில் போனையும் பட்டையையும் அக்கம்பக்கமாக வைத்திருந்தார். போனும் பட்டையும் ஜோடிதானே, ஒன்றை மட்டும் பிரித்துக் கொண்டு வந்தால் சரிப்படுமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பட்டையை மொபெட் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு மேடு பள்ளத்தில் குலுங்கக் குலுங்க வந்திருக்கிறார். அதைத்தான் கருவி நடை என்று எண்ணியிருக்கிறது. போன் மணி அடித்தபோது மகளுடைய போனைத் தகப்பன் எடுப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார். வண்டியிலிருந்து குதித்து ஓடிய என்னைப் பார்த்து அவர் எழுந்து நின்றார். எனக்கு மூச்சு வாங்கி முடிகிற வரை காத்திருந்துவிட்டுப் பைய சொன்னார்: "உசுரு வீட்டுல பத்திரமா இருக்கும்மா. நான் டவருக்கு வாட்சை மட்டுந்தான் கூட்டிட்டு வந்தேன்."

பேர் வைக்கிற நாள்

சேரன்மாதேவியில் கோமதி வீட்டிலிருந்து அலாரம் வந்தால் நான் பதறுவதை நிறுத்தியிருந்தேன். அந்த வீட்டில் தினமும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டுத் தலை உலர்த்துவார்கள். உடனே கருவி காய்ச்சல் என்று கத்தும். அதனால் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று காலையில் அலாரம் வந்தபோது இன்றைக்குச் சாம்பிராணி அதிகம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் இது பட்டை கொடுத்த அலாரம் இல்லை. தாய்மார்களின் போனில் தினமும் காலையில் சில கேள்விகள் வரும். தலை வலிக்கிறதா, கண் மங்கலாகத் தெரிகிறதா என்ற இரண்டுக்கும் கோமதி ஆமாம் என்று அழுத்தியிருந்தாள். ரத்த அழுத்தம் அளந்து பாருங்கள் என்று போன் சொல்ல, நாங்கள் கொடுத்திருந்த சின்ன மெஷினைக் கையில் சுற்றித் தானே அளந்திருந்தாள். வந்த எண்ணைப் பார்த்ததும் ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன்.

வீடு நிறைய ஆட்கள். கோமதி பட்டுச்சேலையில் மணையில் உட்கார்ந்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது. தலைவலி என்று முந்தின நாளே சொன்னாளாம். தூக்கம் கெட்டால் அப்படித்தான் இருக்கும் என்று காப்பி கொடுத்திருக்கிறார்கள். நான் மறுபடி அளந்தேன். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. சிலருக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அழுத்தம் இப்படி ஏறும், விட்டால் வலிப்பு வந்துவிடும், இப்போதே கிளம்ப வேண்டும் என்று சொன்னேன். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, பேரை வைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். போட்டோக்காரர் கூட என்னை முறைத்தார். கோமதியின் வீட்டுக்காரர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். அவருடைய அக்காதான், பிள்ளையின் அத்தை, சட்டென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். பேரைக் காதில்தானே சொல்ல வேண்டும், காது நம்மோடுதானே வருகிறது என்றாள். வண்டி பத்தமடையைத் தாண்டும்போது அவள் பிள்ளையின் காதில் பேர் சொன்னாள். நான் கோமதியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்தும் ஏற்றினார்கள். அழுத்தம் இறங்க மறுநாள் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னார். அவர் வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். தெளிந்த பிறகு கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "நேத்து வந்தவ எல்லாரும் பிள்ளைக்கு மூக்கு யாரு மாதிரின்னுதான் சிஸ்டர் கேட்டாவ. உனக்குத் தலை வலிக்கான்னு அந்தப் போன்தான் கேட்டுது."

ஓய்வெடுங்கள், தாயே

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற ஒரு வீடு. மருமகள் முப்புடாதி, மாமியார் செல்லம்மாள். செல்லம்மாள் கெட்டவர் இல்லை, ஆனால் நாள் முழுவதும் ஏவிக்கொண்டே இருப்பது அவருக்குப் பழகிவிட்டது. கருவியில் ஒரு வசதி உண்டு. தாய் களைத்துப் போயிருக்கிறாள் என்று தெரிந்தால் போனிலிருந்து ஒரு பெண் குரல் பேசும். 'அன்புத் தாயே, நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள், சற்று நேரம் படுத்து ஓய்வெடுங்கள்' என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற மாதிரி தெளிவான தமிழ். முதல் தடவை அதைக் கேட்டபோது செல்லம்மாள் எழுந்து நின்று சரிங்கம்மா என்றாராம். முப்புடாதி கெட்டிக்காரி. கையைக் கொஞ்ச நேரம் வேகமாக ஆட்டினால் அந்தக் குரல் வரும் என்று கண்டுபிடித்துவிட்டாள். மாமியார் அப்பளம் உலர்த்தக் கூப்பிடுகிறபோதெல்லாம் பிள்ளையைத் தட்டுகிற சாக்கில் கையை ஆட்டுவாள். அன்புத் தாயே என்று குரல் வரும். செல்லம்மாள் தானே போய் உலர்த்துவார்.

சென்னைக்கு வந்த தகவலில் அந்தப் பெண் மொட்டைமாடி ஏறி இறங்குகிறவள் போலக் களைத்துக்கொண்டே இருந்தாள். நான் விசாரித்தபோது முப்புடாதி உதட்டைக் கடித்துச் சிரித்தாள். நானும் மாமியாரிடம் போட்டுக்கொடுக்கவில்லை. ஆறு வாரம் முடிந்து பட்டையைத் திரும்ப வாங்கப் போன அன்று செல்லம்மாள் வாசல் வரை என் கூடவே வந்தார். மருமகளுக்குக் கேட்காத தூரத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எப்போதிலிருந்து என்று மட்டும் சொல்லவில்லை. "அவ கையை ஆட்டுதது எனக்குத் தெரியாமலா இருக்கும்? போனா போவுது, பச்ச உடம்புக்காரி. வாட்சை எடுத்துட்டுப் போங்க, ஆனா அந்தம்மா குரலை மட்டும் என் போன்ல போட்டுக் குடுத்துட்டுப் போங்க. எனக்கும் முட்டு வலிக்கு, என்னைப் படுன்னு சொல்ல இங்கன யாரும் இல்ல."

பெற்றவளின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினால் அது முதலில் காட்டிக்கொடுப்பது வீட்டில் உள்ள மற்றவர்களைத்தான் என்ற விஷயத்தைக் கம்பெனிக்காரர்கள் ஏனோ இன்னும் தங்கள் விளம்பரத்தில் போடவில்லை.